சின்ன நாய்க்கு வீட்டுச் சாப்பாடு: எந்தக் குறிக்கு எந்தத் திருத்தம்

எங்கள் வீட்டு வீமனின் எடை 5 கிலோ. பொமரேனியன் கலப்பு. பெயர் அம்மம்மா வைத்தது. சாப்பாட்டைக் கண்டதும் அவன் ஓடிவரும் வேகத்துக்கு அந்தப் பெயர் பொருந்தும், உடம்புக்குத்தான் பொருந்தாது. 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 அளவுக்கு ஏறி, இறக்குமதி நாய்த்தீன் கையைக் கடிக்கத் தொடங்கியபோது, வெள்ளவத்தையில் எங்கள் மாடியில் மட்டும் மூன்று வீடுகளில் நாய்க்கென்று உலை வைத்தோம். மூன்று வீட்டிலும் ஏதோ ஒன்று பிழையாகிப் போனது. ஒரு வீட்டில் வயிறு, ஒரு வீட்டில் தோல், எங்கள் வீட்டில் எடை.

பிறகு யோசித்துப் பார்த்தால் மூன்று வீட்டுக்கும் பொதுவான பிழை ஒன்று இருந்தது. தொடக்கத்தில் எல்லோரும் கண்ணளவில் பரிமாறினோம். 60 கிலோ மனிதருக்குச் சோறு ஒரு கரண்டி கூடினாலும் குறைந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. 5 கிலோ நாய்க்கு ஒரு கரண்டி என்பது, எடைக்கு எடை பார்த்தால், நமக்குப் பன்னிரண்டு கரண்டி. எண்ணெயும் அப்படித்தான், வெங்காயமும் அப்படித்தான். ஆகவே கீழே உள்ள எதையும் செய்வதற்கு முன் கிராம் கணக்கில் காட்டும் சமையலறைத் தராசு ஒன்றை வாங்கிவிடுங்கள். நாய்க்கு வாங்கும் சட்டை, தொப்பியை விட அது முக்கியம்.

## இவற்றுக்கு வாசிக்க வேண்டாம், ஓட்டோ பிடியுங்கள்

தண்ணீர் குடித்தாலும் வாந்தி, வாந்தியிலோ மலத்திலோ இரத்தம், வலிப்பு, எழும்ப முடியாத சோர்வு, ஆண் நாய் கால் தூக்கித் தூக்கி நின்றும் சிறுநீர் வராமை. இவை எதிலும் சாப்பாட்டை மாற்றிப் பார்ப்போம் என்ற பேச்சுக்கு இடமில்லை.

நாய் இன்னும் துள்ளிக்கொண்டிருந்தாலும் உடனே போகவேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு. முந்திரிகை வற்றல், அதாவது நாம் பிளம்ஸ் என்பது, அதில் முதலாவது. கலியாண வீட்டில் சின்னப் பெட்டியில் தரும் ரிச் கேக்கிலும், தைப்பொங்கல் புக்கையிலும் அது இருக்கும். எந்த நாய்க்கு எத்தனை தின்றால் ஆபத்து என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அன்றைக்கு நாய் நன்றாகவே தெரியலாம், சிறுநீரகம் பழுதாவது ஒன்று முதல் மூன்று நாட்களில். இரண்டாவது, சீனி இல்லாத சூயிங்கம்மில் உள்ள சைலிடோல். அரை மணி நேரத்துக்குள்ளேயே இரத்தச் சர்க்கரையை விழுத்திவிடும், பிறகு ஈரலையும் தாக்கும். மூன்றாவது சொக்லேட். நிறம் கறுக்கக் கறுக்க நஞ்சும் கூடும்.

உப்புத் தண்ணீர் பருக்கி வாந்தி எடுக்கவைக்கும் பழைய வைத்தியத்தைச் செய்யாதீர்கள். இந்த அளவு உடம்புக்கு அந்த உப்பே இன்னொரு நஞ்சு. பரசிற்றமோல் உட்பட, மனிதரின் மாத்திரை எதையும் உடைத்துக் கொடுக்கவும் வேண்டாம்.

## திருத்துவதற்கு முன் அடிப்படைக் கோப்பை

கோளாறைக் கண்டுபிடிக்க, சரியான கோப்பை எப்படி இருக்கும் என்று முதலில் தெரியவேண்டும். நலம் அடித்த (கருத்தடை செய்த), வீட்டுக்குள்ளேயே வளரும் 5 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 300 கலோரி போதும். 3 கிலோ என்றால் 200, 7 கிலோ என்றால் 385 அளவில் தொடங்கலாம். வீமனின் ஒருநாள் பங்கு இது:

தோலும் எலும்பும் நீக்கி அவித்த கோழி நெஞ்சு இறைச்சி 80 கிராம். குழைய வடித்த சோறு 90 கிராம். அவித்து மசித்த பூசணி அல்லது கரட், போஞ்சி 30 கிராம். நல்லெண்ணெய் ஒரு தேக்கரண்டி. முட்டைக் கோதுத் தூள் 1 கிராம், அதாவது கால் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. எல்லாம் சமைத்த பிறகு நிறுத்த எடை. இதை இரண்டாகப் பிரித்துக் காலையும் மாலையும்.

முட்டைக் கோது ஏன் என்று கேட்காத அயலவர் இல்லை. இறைச்சியில் பொஸ்பரஸ் நிறைய, கல்சியம் மிகக் குறைவு. கோழியும் சோறும் மட்டும் மாதக்கணக்கில் தின்னும் நாயின் உடம்பு, இல்லாத கல்சியத்தைத் தன் எலும்பிலிருந்தே எடுக்கும். கோதைக் கழுவி, பத்து நிமிடம் கொதிக்கவைத்து, காயவைத்து, மிக்சியில் மா போல அரைத்துச் சலித்து வையுங்கள். விரலில் தேய்த்தால் நறநறக்கக் கூடாது. 1 கிராம் தூளில் 380 மில்லிகிராம் அளவு கல்சியம் இருக்கும், இந்தக் கோப்பைக்கு அது அளவான அளவு.

இவ்வளவும் செய்தாலும் கோப்பை முழுமை அல்ல. நாகம் (சிங்க்), செம்பு, அயடின், விற்றமின் டி, ஈ எல்லாம் இன்னும் குறைவு. 2013 இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தார், வளர்ந்த நாய்களுக்கென்று புத்தகங்களிலும் இணையத்திலும் வந்த 200 வீட்டுச் செய்முறைகளைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். அத்தியாவசியச் சத்து எல்லாம் சரியாக இருந்தவை 9 மட்டும். என் செய்முறை அந்த ஒன்பதில் சேரும் என்று நான் நினைக்கவில்லை. அதனால் மிருக வைத்தியர் எழுதித் தரும், வீட்டுச் சாப்பாட்டோடு கலக்கவென்றே செய்த விற்றமின்–கனிமத் தூளைச் சேர்க்கவேண்டும். கிடைக்காவிட்டால் நாளின் பாதிக் கலோரியை முழுமையான கடைத்தீனிலும் மீதியை வீட்டுச் சமையலிலும் கொடுக்கலாம். இப்போது நாங்கள் செய்வது இதைத்தான். முழுக்க வீட்டுச் சாப்பாடு என்ற வீம்பு, அம்மம்மாவிடமிருந்து எனக்கு வந்த வியாதி.

## மலம் இளகிப் போகிறது

எப்போது சாப்பாட்டை மாற்றினீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. கடைத்தீனிலிருந்து ஒரே நாளில் சோற்றுக்குத் தாவினால் பெரும்பாலான நாய்களுக்கு வயிறு போகும். பழையதில் நான்கில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் புதியதைச் சேர்த்து, பிறகு பாதி, பிறகு முக்கால் என்று ஏழு முதல் பத்து நாள் எடுத்து மாற்றவேண்டும்.

மாற்றம் எதுவும் இல்லாமலே இளகினால் பாலையும் தேங்காய்ப்பாலையும் சந்தேகியுங்கள். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. சொதி விட்டுப் பிசைந்த சோறு நமக்கு அமிர்தம், அதற்கோ கொழுப்பு. சிவப்பரிசியை அரைவேக்காட்டில் கொடுத்தாலும் இப்படியாகும். வயிறு சரியில்லாத நாட்களில் வெள்ளைப் பச்சரிசியை நிறையத் தண்ணீர் விட்டுக் குழைய அவித்து, தோல் நீக்கிய கோழியோடு சின்னச் சின்னப் பங்காக நாலைந்து தரம் கொடுங்கள். எண்ணெயை நிறுத்துங்கள். அவித்த பூசணி ஒரு தேக்கரண்டி சேர்த்தால் பலதுக்குப் பிடிக்கும்.

இரண்டு நாளில் இறுகவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் சாப்பாடாக இருக்காது. புழுவாகவோ கிருமியாகவோ இருக்கலாம். ஊசி முழுதாகப் போடாத குட்டி என்றால் இரண்டு நாளும் பார்க்கக்கூடாது, அன்றே போங்கள். பார்வோ வைரஸ் அப்படித்தான் தொடங்கும்.

## மலம் வெள்ளையாக, சுண்ணாம்புக் கட்டி போல

கோதுத் தூள் கூடிவிட்டது, அல்லது யாரோ எலும்பு கொடுக்கிறார்கள். எங்கள் வீட்டில் முதல் மாதம் நான் தேக்கரண்டியைக் குவித்துப் போட்டேன். வீமன் பால்கனி மூலையில் முக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்துத்தான் தராசு வாங்கியது. அளவைக் குறைத்து, சாப்பாட்டில் தண்ணீர் கொஞ்சம் கூட்டினால் இரண்டு மூன்று நாளில் நிறம் திரும்பும்.

எலும்பு என்றால் வேறு கதை. சமைத்த கோழி எலும்பு ஊசி ஊசியாகப் பிளக்கும். குழம்பில் நன்றாக வெந்ததுதானே என்பார்கள்; பிளப்பது வெந்த எலும்புதான்.

## சிவப்பாக, அல்லது கறுப்பாக

பீட்ரூட் கொடுத்தீர்களா? கொடுத்திருந்தால் மலமும் சிறுநீரும் ஒருநாள் சிவக்கலாம். ஈரல் கொடுத்த அடுத்த நாள் மலம் கறுக்கும். இரண்டும் தானாகப் போய்விடும். ஆனால் ஈரல் எதுவும் கொடுக்காமல், தார் போல ஒட்டும் கறுப்பு வந்தால் அது உள்ளே எங்கோ இரத்தம் கசிவது. வைத்தியரிடம் போங்கள், போகும்போது மாதிரியையும் ஒரு பொலித்தீனில் கட்டிக்கொண்டு.

பேச்சோடு பேச்சாக: ஈரலை வாரத்துக்கு ஒருமுறை, கட்டைவிரல் நுனி அளவு. தினமும் கொடுத்தால் விற்றமின் ஏ உடம்பில் தேங்கும்.

## விடியற்காலையில் மஞ்சள் நுரை வாந்தி

மாலை ஆறு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு, விடிய ஐந்து மணிக்கு மஞ்சள் தண்ணீர் கக்கி, பிறகு ஒன்றும் நடவாதது போல வாலை ஆட்டும் நாய்க்குப் பெரும்பாலும் வெறும் வயிற்றில் பித்தம் ஊறியிருக்கும். மாலைப் பங்கிலிருந்து ஒரு மேசைக்கரண்டி எடுத்து வைத்துப் படுக்கப்போகும் முன் கொடுங்கள். புதிதாகக் கூட்டாதீர்கள், அதே பங்கிலிருந்து எடுங்கள். ஒரு வாரத்தில் நிற்கவேண்டும்.

இதோடு குழப்பிக்கொள்ளக்கூடாத ஒன்று உண்டு. வீட்டில் விசேஷம் முடிந்த மறுநாள் வாந்தி திரும்பத் திரும்ப வருகிறது, சாப்பாட்டை மணந்துவிட்டு விலகுகிறது, முன்னங்காலைத் தரையில் நீட்டிப் பின்பக்கத்தை உயர்த்தி, கும்பிடுவது போல நிற்கிறது என்றால் அது வயிற்று வலி. பொரித்த கோழித் தோல், ரோல்ஸ், இறைச்சிக் கொழுப்பு போன்றவை கணையத்தை வீங்கவைத்துவிட்டிருக்கலாம். சின்ன இனங்களுக்கு இது அடிக்கடி வரும், மினியேச்சர் ஷ்னவுசருக்கு இன்னும். வீட்டில் திருத்தும் காரியமல்ல. ஒருமுறை வந்த நாய்க்குப் பிறகு எண்ணெய் எவ்வளவு என்பதை வைத்தியர்தான் சொல்லவேண்டும், நானோ உங்கள் பக்கத்துவீட்டு அன்ரியோ அல்ல.

## கோழியைப் பொறுக்கித் தின்றுவிட்டுச் சோற்றை விடுகிறது

துண்டாகப் போட்டால் எந்த நாயும் பொறுக்கும். கோழியை மிக்சியில் ஒரு சுற்று விட்டு, அவித்த தண்ணீரோடு சோற்றில் பிசைந்தால் பிரித்தெடுக்க முடியாது. இளஞ்சூட்டில் வையுங்கள், மணம் எழும்பும்.

அதற்கும் மசியாவிட்டால் உங்களைப் பாருங்கள். கையால் ஊட்டுகிறீர்களா? சாப்பிடாவிட்டால் பிஸ்கட் வருகிறதா? பழகிவிட்டது, அவ்வளவுதான். இருபது நிமிடம் கோப்பையை வைத்து, தின்னாவிட்டால் எடுத்துவிட்டு அடுத்த வேளை வரை ஒன்றும் கொடுக்காதீர்கள். வளர்ந்த, சுகமாக ஓடித்திரியும் நாய்க்கு மட்டும் இந்தக் கண்டிப்பு. நேற்று வரை விழுந்தடித்துத் தின்ற நாய் இன்று திடீரென மறுத்தால் அது செல்லம் அல்ல, நோய். குட்டிகளுக்கும் இதைச் செய்யாதீர்கள். காரணம் கீழே வரும்.

## அளந்துதான் கொடுக்கிறேன், எடை ஏறுகிறது

இது எங்கள் வீட்டுக் கதை. நான் 300 கலோரி நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருக்க, ஐந்து மாதத்தில் வீமன் 5 கிலோவிலிருந்து 6.1 கிலோ. தைரொயிட்டாக இருக்குமோ என்று டொக்டரிடம் கேட்டேன். அவர் வீமனின் விலாவைத் தடவிப் பார்த்துவிட்டு, "வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்களா?" என்று மட்டும் கேட்டார்.

அன்று பின்னேரம் குசினி வாசலில் நின்று பார்த்தேன். அம்மம்மா தேத்தண்ணிக் கோப்பையோடு கதிரையில் இருக்கிறா. ஒரு மாரி பிஸ்கட்டை இரண்டாக முறித்து, பாதியைத் தேத்தண்ணியில் தோய்த்து, ஊதி ஆற்றி, கீழே நீட்டுகிறா. வீமன் சத்தமே இல்லாமல் வாங்குகிறான். காலை இரண்டு, மாலை இரண்டு, ஐந்து மாதமாக. ஒரு மாரி பிஸ்கட் 25 கலோரி அளவு. நாலு பிஸ்கட் 100 கலோரி, அவனுடைய நாள் பங்கில் மூன்றில் ஒன்று. நமக்கென்றால் மூன்று வேளையும் சாப்பிட்டுவிட்டு அதற்கு மேல் ஒரு கொத்துரொட்டிப் பொதியும் தினமும் தின்பது மாதிரி.

"இத்தனூண்டு பிஸ்கட் என்னடா செய்யும்? நீ குடுக்கிற சோறு ஒரு கைப்பிடிகூட இல்லை, பாவம் பிள்ளை" என்றா.

வாதாடிப் பயனில்லை. சின்னப் போத்தல் ஒன்றில் அவித்த கோழித் துணுக்கும் கரட் துண்டுமாகத் தினமும் 25 கலோரி அளவுக்கு நானே போட்டு அம்மம்மாவின் மேசையில் வைத்தேன். அது அவவுடைய பங்கு, எப்போது வேண்டுமானாலும் கொடுக்கலாம், போத்தல் முடிந்தால் முடிந்தது. கோப்பையில் அதே அளவைக் கழித்தேன். உபரித் தீனி நாளின் கலோரியில் பத்தில் ஒன்றைத் தாண்டக்கூடாது என்பது பொதுக் கணக்கு. எடை இறங்க நாலு மாதம் எடுத்தது.

கண்ணால் பார்த்துச் சொல்லமுடியாது, முக்கியமாகப் பொமரேனியன் போலச் சடை இருந்தால். விலாவில் கை வையுங்கள். அழுத்தாமல் தடவும்போதே எலும்பு தட்டுப்படவேண்டும், ஆனால் கண்ணுக்குத் துருத்தித் தெரியக்கூடாது. மாதம் ஒருமுறை நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பிறகு தனியே ஏறி, கழித்துப் பாருங்கள். சின்ன உடம்பில் 200 கிராம் மாறினாலே கவனிக்கவேண்டும்.

## சொறிகிறது, சடை மங்கிவிட்டது

கொழும்பின் புழுக்கத்தில் முதல் சந்தேகம் தெள்ளும் உண்ணியும், சாப்பாடு அல்ல. வெள்ளைத் துணியில் நிறுத்தி வாரிவிடுங்கள். விழும் கறுப்புத் துகளை ஈரப் பஞ்சால் தொட்டுச் சிவப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் கழிவு. அதைத் தீர்க்காமல் கோப்பையை மாற்றிப் பிரயோசனமில்லை.

தெள்ளு இல்லை, ஆனால் தோல் காய்ந்து பொடுகு கொட்டுகிறது, சடை பழைய தும்புக்கட்டை மாதிரி ஆகிவிட்டது என்றால் எண்ணெயைப் பாருங்கள். எதிர்வீட்டில் நடந்தது இது. தேங்காய் எண்ணெய் நாய்க்கு நல்லது என்று யாரோ சொல்லக் கேட்டு, தினமும் அதையே விட்டார்கள். கோழியிலும் தோலையும் கொழுப்பையும் முழுக்க நீக்கிவிட்டார்கள். நாயின் தோலுக்குக் கட்டாயம் வேண்டியது லினோலெயிக் அமிலம். தேங்காய் எண்ணெயில் அது 2 வீதம் அளவுதான். நல்லெண்ணெயில் 40 வீதம் அளவில் இருக்கிறது. நம் குசினியில் இரண்டு போத்தலும் பக்கத்துப் பக்கத்தில்தான் நிற்கும். போத்தலை மாற்றினார்கள். பலன் தெரிய ஆறு வாரம் சென்றது, அதற்குள் இரண்டு ஷாம்பூ மாற்றிவிட்டார்கள் என்பதால் எது வேலை செய்தது என்று இன்றும் அந்த வீட்டில் சண்டை. என் வாக்கு நல்லெண்ணெய்க்கு.

உதட்டோரம், கண்ணைச் சுற்றி, பாதத்தில் தடித்துப் பொருக்கு வந்தால் நாகம் குறைவாக இருக்கலாம். வாரத்தில் இரண்டு நாள் கோழிக்குப் பதில் கொழுப்பில்லாத மாட்டிறைச்சி கொடுப்பவர்கள் உண்டு, அதில் நாகம் அதிகம். மாடு சேர்க்காத வீடுகளில் மேலே சொன்ன தூள்தான் வழி. சூடை, சாளை போன்ற மீன் வாரத்துக்கு இரண்டு முறை நல்லது. நாய் வெயிலில் படுத்தாலும் நம்மைப் போல விற்றமின் டி செய்துகொள்ளாது, சாப்பாட்டிலிருந்துதான் வரவேண்டும். மீன் புதிதாக, அவித்து, முள் எடுத்து. கருவாடு, மாசி, ரின் மீன் வேண்டாம், உப்பு.

காதும் பாதமும் வருடம் முழுக்கச் சிவந்து அரித்தால் ஒவ்வாமையாக இருக்கலாம். பழி பெரும்பாலும் அரிசியில் விழும், குற்றவாளி பெரும்பாலும் கோழியோ மாடோ பாலோ. இதுவரை தின்னாத ஒரே இறைச்சியை மட்டும் எட்டு வாரம் கொடுத்துப் பார்ப்பதுதான் சோதனை. அந்த எட்டு வாரமும் அம்மம்மா போத்தலுக்குத் தடை.

## முரசு வெளுத்து, சிறுநீர் பிளேன்ரீ நிறத்தில்

மேல் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். முரசு இளஞ்சிவப்பாக இருக்கவேண்டும். வெளுத்தோ மஞ்சளாகவோ இருந்தால் கடந்த ஒரு வாரத்தில் வீட்டில் என்ன சமைத்தீர்கள் என்று நினைவுபடுத்துங்கள்.

வெங்காயமும் உள்ளியும் நாயின் செங்குருதிக் கலங்களை உடைக்கும். பச்சை, வதக்கியது, தூள் எல்லாம் ஒன்றுதான். வெந்தால் நஞ்சு போய்விடும் என்பது பொய். கிலோவுக்கு 15 கிராம் வெங்காயம் தீங்கு தொடங்கும் அளவாகச் சொல்லப்படுகிறது. 5 கிலோ நாய்க்கு அது 75 கிராம், ஒரு நடுத்தரப் பெரிய வெங்காயம்கூட இல்லை. உள்ளி இன்னும் குறைந்த அளவிலேயே வேலையைக் காட்டும். இங்கே நாம் மறக்கும் மூன்றாவது ஆள் லீக்ஸ். நமக்கு அது ஒரு மரக்கறி. நாய்க்கு அது வெங்காயக் குடும்பம். கடை ஃப்ரைட் ரைஸில் பச்சையாக மினுங்குவது பெரும்பாலும் அதுதான்.

இரண்டாம் மாடியில் ஒரு ஷிட்சூ, ஞாயிற்றுக்கிழமை மிஞ்சிய ஃப்ரைட் ரைஸைத் தின்றது. திங்கள் நன்றாக இருந்தது. புதன்கிழமை மாடிப்படி ஏறாமல் படுத்துவிட்டது. அந்த இடைவெளிதான் ஏமாற்றும். தின்ற அன்றே எதுவும் தெரியாது, சில நாள் கழித்துத்தான் இரத்தம் குறைவது வெளியே தெரியும். புதன்கிழமை நோய்க்கு ஞாயிற்றுக்கிழமைச் சோற்றை யாரும் நினைப்பதில்லை. அந்த நாய் தப்பியது. அதன் வீட்டுக்காரர் இப்போது மிச்சச் சோறு எதையும் கொடுப்பதில்லை.

அதேபோலத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகவும் சேரும். சம்பல் தடவிய பாண் ஓரம், பருப்புக் கறியின் மேல் தாளிதம், மீன் குழம்பில் கழுவி எடுத்த மீன் துண்டு. கழுவினால் மிளகாய் போகும், உள்ளியின் சாறு போகாது. நாய்க்கு எடுக்கும் பங்கைத் தாளிப்பதற்கு முன்பே, உப்புத் தூள் போடுவதற்கு முன்பே, வேறு சட்டியில் எடுத்துவிடவேண்டும்.

இப்படி எதுவும் தின்னவில்லை என்று நிச்சயமாகத் தெரிந்தால் உண்ணிக் காய்ச்சல் இருக்கலாம். அதுவும் முரசை வெளுக்கவைக்கும், இங்கே சாதாரணமாக வருவதுதான். இரண்டையும் பிரிப்பது இரத்தப் பரிசோதனை. எதுவாக இருந்தாலும் இது அன்றே போகவேண்டிய குறி.

## குட்டி நடுங்குகிறது, தள்ளாடுகிறது

மூன்று நாலு மாதத்துக்கு உட்பட்ட சின்ன இனக் குட்டிக்கு ஈரலில் சேமிப்பு மிகக் குறைவு. ஒரு வேளை தவறினாலே இரத்தச் சர்க்கரை விழலாம். தேன், அல்லது கரைத்த குளுக்கோஸை விரலில் தொட்டு முரசில் தடவுங்கள், வாய்க்குள் ஊற்றாதீர்கள். தெளிந்தாலும் வைத்தியரிடம் காட்டவேண்டும். இந்த வயதில் ஒரு நாளைக்கு நாலு வேளையாவது.

முன்னங்கால் வளைகிறது, தூக்கினால் அழுகிறது, நடக்க மறுக்கிறது என்றால் கல்சியக் குறைவு எலும்பைத் தொட்டுவிட்டது. வளரும் குட்டிக்கு வீட்டுச் செய்முறையை நீங்களாகத் தொடங்கவேண்டாம் என்பதுதான் என் துணிபு. மேலே உள்ள கோப்பையும் குட்டிக்கானது அல்ல. ஒரு வயது வரை குட்டிகளுக்கான முழுமையான தீன், அதன் மேல் ஆசைக்கு ஒரு கரண்டி கோழி.

பால் கொடுக்கும் தாய் நாய் நடுங்கி, மூச்சிரைத்து, கால் விறைத்தால் கல்சியம் திடீரென விழுந்துவிட்டது. குட்டி போட்ட முதல் சில வாரங்களில் சின்ன இனங்களுக்கு வரும், நிமிடக் கணக்கில் ஓடவேண்டிய அவசரம். இதைத் தடுக்கலாம் என்று சினைக் காலத்தில் கல்சியம் கொடுத்துத் தள்ளுவது எதிர்மாறாக முடியும், உடம்பு தன் எலும்பிலிருந்து எடுக்கும் பழக்கத்தையே மறந்துவிடும்.

## சொட்டுச் சொட்டாக, அடிக்கடி சிறுநீர்

ஷிட்சூ, லாசா அப்சோ, யோர்க்‌ஷயர் ரெரியர் போன்றவற்றுக்குச் சிறுநீர்ப்பைக் கல் வரும் சாத்தியம் கூட. கல் என்ன வகை என்று தெரியாமல் சாப்பாட்டை மாற்றமுடியாது, ஒன்றுக்கு நல்லது மற்றதற்குக் கெடுதல். நீங்கள் செய்யக்கூடியது, கோப்பையில் தண்ணீர் கூட்டுவதும், ஒக்சலேட் நிறைந்த பசளி, பொன்னாங்காணியை நிறுத்துவதும். மீதி ஸ்கான் பார்த்த பிறகு.

## வாய் நாற்றம்

பல் துலக்கவேண்டும். குழைசோறு பல்லில் ஒட்டும், சின்ன வாயில் பல் நெருக்கம். நம் பற்பசை வேண்டாம், நாய்க்கென்று விற்பது. எலும்பு கொடுத்தால் பல் சுத்தமாகும் என்பவருக்கு மேலே பதில் சொல்லியாயிற்று.

## எல்லாம் சரியாகத்தான் செய்கிறேன், இருந்தும் இடைக்கிடை வயிறு குழம்புகிறது

சாப்பாடு சரி, வைத்த இடம் பிழை. வடித்த சோறு கொழும்பு வெக்கையில் இரண்டு மணி நேரம் வெளியே இருந்தாலே கிருமி பெருகும். ஒரு வாரத்துக்குச் சமைத்து, ஒரே பெரிய டப்பாவில் பிரிட்ஜில் வைத்து, தினமும் திறந்து கரண்டி போடுவதுதான் வழக்கமான தவறு. ஒருநாள் பங்காகப் பிரித்து, மூன்று நாளுக்கானதைப் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து, மீதியை உறைய வையுங்கள். மறுநாளுக்கானதை முதல்நாள் இரவு கீழே இறக்குங்கள். நீண்ட நேரம் கரண்ட் போன நாளில் உருகியதைத் திரும்ப உறையவைக்கவேண்டாம். கோப்பையை வைத்து அரை மணி நேரத்தில் எடுத்துக் கழுவுங்கள். எறும்பு வந்தால் தண்ணீர் விட்ட தட்டில் கோப்பையை வையுங்கள்.

வைத்தியரிடம் போகும்போது "வீட்டுச் சாப்பாடுதான் கொடுக்கிறோம்" என்று மட்டும் சொல்லாதீர்கள், அதிலிருந்து அவருக்கு ஒன்றும் விளங்காது. கோப்பையில் என்ன எத்தனை கிராம், என்ன எண்ணெய், கோதுத் தூள் எவ்வளவு, வீட்டில் வேறு யார் என்ன கொடுக்கிறார்கள், கடைசியாக எதை எப்போது மாற்றினீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எங்கள் தாளின் கடைசி வரியை அம்மம்மாவே தன் கையால் எழுதினா: "மாரி பிஸ்கட், ஞாயிறு மட்டும், பாதி."